முப்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே

பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆனாலும் கடைக்குட்டியாகப் பிறந்த பாவம், கடல் தாண்டி வந்த பிறகும் பாப்பாதான். அக்கா வீட்டில் வந்து இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அக்காவின் கணவர், அதாவது அவளுடைய மாமா, அந்த ஊர் சைக்கிள் கிளப்பில் பழைய ஆள். கிளப்காரர்கள் எல்லோரும் வந்துபோகும் சைக்கிள் கடையில் அவர்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். முதலாளியிடம் வாய் கூசாமல் ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

"எங்க பாப்பாவுக்கு சைக்கிள்னா அத்துப்படி. ரேஸ் எல்லாம் பாத்து வளந்த பொண்ணு."

பாப்பா பார்த்து வளர்ந்தது அப்பா வேலைக்குப் போன ஒரே ஒரு பழைய சைக்கிளை. கேரியரில் உட்கார்ந்துகொண்டு, கால் சக்கரத்தில் சிக்காமல் அகட்டி வைத்துக்கொள்வது மட்டுமே அவள் கற்ற வித்தை. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் மாமா. முங்கியது என்னவோ பாப்பா.

கடையில் பாதி நேரம் எழுத்துகளாலேயே பேசிக்கொண்டார்கள். கே.ஓ.எம். என்றார்கள், எஃப்.டி.பி. என்றார்கள். கேட்டால் மாமாவின் பேச்சு பொய்யாகிவிடும். அதனால் பாப்பா தலையாட்டினாள். நாலு மாதத்தில் தலையாட்டுவதிலேயே ஒரு கைத்தேர்ச்சி வந்துவிட்டது. "அப்படியா" என்று ஒரு ஆட்டு, "தெரிஞ்சதுதானே" என்று ஒரு ஆட்டு, "அதெல்லாம் ஒரு விஷயமா" என்று உதட்டைச் சுழித்து ஒரு ஆட்டு. ஒருநாள் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் யாரோ, 'ஃபாரத்தை எல்.பி.எஸ்.ல குடுத்துடுங்க' என்று போட்டார்கள். அது ஏதோ அரசாங்க ஆபீஸ் என்று நினைத்து, எந்தத் தெருவில் இருக்கிறது என்று மூன்று நாள் தேடினாள். உள்ளூர் சைக்கிள் கடைக்குத்தான் இங்கிலீஷில் அந்தச் சுருக்கமாம். மூன்று நாளும் அதற்குள்ளேயே நின்றுகொண்டுதான் அவள் தேடியிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருநாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

எதிர்வரிசை மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் போன மாதம் புது சைக்கிள் வாங்கினார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குக் கூச்சம் என்ற சாமான் கிடையாது. தெரியாத வார்த்தை காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி விளக்கம் கேட்பார். ஒரே வாரத்தில் கடையில் அவருக்குக் 'கேள்வி அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"ஏங்க, பாங்க் ஆயிட்டேன், பாங்க் ஆயிட்டேன்னு அவர் சொன்னாரே, அப்படின்னா என்ன?"

கடையின் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் அண்ணன் என்பார்கள். அவர் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "உடம்புல இருக்கற தெம்பு மொத்தமும் தீந்துபோய், ரோட்டோரமா உக்காந்து அம்மான்னு அழறதுங்க."

கடையே சிரித்தது. பாப்பாவும் சிரித்தாள், எல்லோரையும்விட ஒரு பிடி கூடவே. அதற்கு முந்தின வாரம்தான் 'பாங்க்' என்பதை ஏதோ உதிரிபாகம் என்று நினைத்து, மேசை இழுப்பறைகளை எல்லாம் துழாவியிருந்தாள்.

"அப்ப, நான் பேர் குடுத்திருக்கற ஓட்டத்துக்குத் துடைப்பம்னு ஒரு வண்டி வரும்னு சொன்னீங்களே?"

"அது கடைசி வண்டிங்க. இவ மாமாதான் ஓட்டுவாரு. நேரம் முடிஞ்சும் வராதவங்க யாருன்னு நேரம் குறிக்கற தாளைப் பாத்து, ரோட்டுல போய் கூட்டி அள்ளிட்டு வர்றது. ஏதாவது ஆச்சுன்னா நின்ன எடத்துலயே நில்லுங்க. வேற வண்டியில ஏறிப் போயிடாதீங்க. அப்புறம் உங்களத் தேடி நாங்க நாய் மாதிரி அலையணும்."

"நின்ன எடத்துலயே. சரி." கேள்வி அக்கா அதை ஒரு மாத்திரைக் கவரின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

அவர் படியிறங்கியதும் ஸ்பேனர் அண்ணன், "வாங்க வந்தது ஒரு டியூப். கேட்டது ஒன்பது கேள்வி" என்றார்.

"அடுத்த தடவை நாமளே வினாத்தாள் அடிச்சுக் குடுத்துடலாம்ணே" என்றாள் பாப்பா.

முதலாளிகூட விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கடையில் அவள் சொல்லி ஆட்கள் சிரித்த முதல் பேச்சு அது. அன்று முழுக்க அவளுக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

கிளப்பின் வருடாந்திர எண்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கடை முதலாளிதான் அதை முன்னின்று நடத்துகிறவர். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும். எண்ணும் பெயரும் அச்சடித்த தாளை முதலாளி பாப்பாவின் கையில் கொடுத்தார். திரும்பி வருகிறவர்களின் நேரத்தைப் பெயருக்கு நேரே எழுத வேண்டியது அவள் வேலை.

"டி.என்.எஸ்., டி.என்.எஃப். எல்லாம் தெரியும்ல?"

"தெரியும் முதலாளி." தெரிஞ்சதுதானே என்கிற தலையாட்டல்.

காலையில் குளிரில் எல்லோருடைய முதுகிலும் எண் அட்டையைக் குத்தியதும் அவள்தான். முப்பத்தெட்டு கேள்வி அக்காவுடையது. ஊக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது.

"குத்திடாதே கண்ணு. ஏற்கனவே பயத்துல இருக்கேன்" என்று அவர் முதுகை வளைத்துக்கொண்டு சிரித்தார்.

ஏழே காலுக்கு ஸ்பேனர் அண்ணன் மேசைப் பக்கம் வந்தார். பெயர் கொடுத்துவிட்டு ஆளே வராதவர்கள் மூன்று பேர். "இந்த மூணு பேருக்கும் நேரா டி.என்.எஸ். போட்டுடு தங்கச்சி." பாப்பா போட்டாள். போடும்போதே அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். ஆள் வராமல் கட்டம் காலியாகக் கிடந்தால் இந்த மூன்று எழுத்து. யாரையும் கேட்காமல் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. நனைந்த கோழிகளாக ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பாப்பா நேரத்தை எழுதி எழுதிக் கை ஓய்ந்தாள். ஒரு மணி அடித்தபோது தாளில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. முப்பத்தெட்டு.

நாலடி தூரத்தில்தான் ஸ்பேனர் அண்ணன் நின்றிருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் இது அவளுக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. காலையில் எழுதிய அதே மூன்று எழுத்தை, காலையில் எழுதிய அதே திருத்தமான கையெழுத்தில் எழுதி, தாளை முதலாளியிடம் நீட்டினாள்.

மாமா வேன் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்து தாளை எட்டிப் பார்த்தார். "அறுபத்திரண்டு பேரு. நாலு டி.என்.எஸ். வந்தது அம்பத்தெட்டு. டி.என்.எஃப். ஒண்ணுகூட இல்ல. அடடே, துடைப்பத்துக்கு இன்னிக்கு லீவு!"

முதலாளி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார். "எல்லாரும் கேளுங்க. பதினோரு வருஷமா நடத்தறோம். கிளம்புனவங்க அத்தனை பேரும் முழுசா ஓட்டி முடிச்சது இந்த வருஷந்தான்!" ஹாலே கைதட்டியது. பாப்பாவும் தட்டினாள். போட்டோ எடுக்க எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டம் கலையும்போது ஸ்பேனர் அண்ணன் தாளைப் படித்துக்கொண்டே கெக்கலித்தார். "காலையில என் கண்ணுல படாம போன நாலாவது டி.என்.எஸ். யாரு பாருங்க. நம்ம கேள்வி அக்கா! அத்தனை கேள்வி கேட்டுட்டுக் கடைசியில கிளம்பவே இல்ல. இழுத்துப் போத்திட்டுத் தூங்கிட்டாங்க போல."

"காலையில இங்க பாத்த மாதிரி இருந்துச்சே" என்றார் யாரோ ஒருவர்.

"நேத்து கடையில பாத்திருப்பே. கிளம்பியிருந்தா டி.என்.எஃப்.னுல்ல எழுதியிருக்கும்? நம்ம தங்கச்சி எழுதினா எழுதினதுதான்."

பாப்பாவின் கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. அது அப்படியே நின்றது. கிளம்பவே இல்லை. அதற்குத்தான் அந்த மூன்று எழுத்து. கிளம்பி, வந்து சேராதவருக்கு வேறு எழுத்து. குத்திடாதே கண்ணு என்று வளைந்த முதுகு அவள் கண்முன்னே வந்தது.

வாயைத் திறந்தால் போதும். 'அண்ணே, அவங்க கிளம்புனாங்க' என்று ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு நாலு மாதத்துத் தலையாட்டல் மொத்தமும் வெளியே வரும். முதலாளியின் பதினோரு வருஷப் பெருமை நாற்காலியிலிருந்து குப்புற விழும். மாமா முகம் எங்கே போகும்?

ஜன்னல் ஓரமாகப் போய், தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை போட்டாள். பிறகு அவள் செய்த காரியத்தை நினைத்தால் அவளுக்கே இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கும். மேசையில் கிடந்த தாளை எடுத்து, முப்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே இருந்த கடைசி எழுத்தின் மேல் பேனாவை அழுத்தி அழுத்தி, எஸ்ஸை எஃப் ஆக்கினாள். மாமா இன்னொரு தரம் பார்ப்பார், அவராகவே கண்டுபிடித்து ஓடுவார் என்று தாளை அவர் கண்ணில் படும்படி வைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். படித்து முடித்த தாளை எவர் திரும்பப் படிப்பார்? மாமா அதன் மேல் தன் ஈரத் தொப்பியை வைத்துவிட்டு, யாருடனோ வானிலை பேசிக்கொண்டிருந்தார்.

பாப்பா நாற்காலிகளை மடித்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்த்தாள். வெளியே மழை சடசடவென்று கொட்டிற்று. ஒவ்வொரு நாற்காலி மடங்கும்போதும், இதை வைத்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அறுபது நாற்காலிகளுக்குக் குறையாமல் இருந்தன.

வீட்டுக்குப் போகலாம் என்று மாமா வேன் கதவைத் திறந்தபோதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"மாமா. முப்பத்தெட்டு ரோட்டுல இருக்காங்க."

"யாரு?"

"கேள்வி அக்கா. கிளம்புனாங்க. நான்தான் அட்டை குத்தி விட்டேன். எனக்கு அந்த எழுத்து தெரியல மாமா. தப்பா எழுதிட்டேன்."

மாமா அவளையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் ஹால் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "ஏறு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. சத்தம் போடாம போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

அவர் காப்பாற்றப் பார்த்தது அவளையா, முதலாளியிடம் தான் சொன்ன வார்த்தையையா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை.

ஓட்டப் பாதையில் கடைசிப் பக்கத்திலிருந்து எதிராகப் போனார்கள். மாமா மூக்கைக் கண்ணாடிக்கு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். பாப்பா தன் பக்கத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேட்டுச் சாலையின் முக்கால் வாசியில், கூரை மட்டும் இருந்த ஒரு பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. சங்கிலி அறுந்து தொங்கியது. பக்கத்தில் கேள்வி அக்கா நின்றுகொண்டிருந்தார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தார், சாலையில் போகிறவர்களின் கண்ணில் பட வேண்டும் என்று. உதடு நீலம் பாரித்திருந்தது.

வேனைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"வந்துட்டீங்களா! வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். பல் கிட்டித்துப்போய் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "போன் நனைஞ்சு செத்துப்போச்சு. பதினொன்றரைலேருந்து நிக்கறேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தினாரு, ஏறிக்கம்மான்னாரு. மாட்டேன்னுட்டேன். எங்க வண்டி வரும், நான் போயிட்டா அவங்க என்னத் தேடி அலைவாங்கன்னு சொன்னேன்."

மாமா சைக்கிளைத் தூக்கி வேனுக்குள் ஏற்றினார். "மன்னிச்சுக்கங்கம்மா. வேன் கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு. அதான் லேட்டு."

"பரவால்லைங்க. மழையில நீங்களும் பாவம் என்ன பண்ணுவீங்க?"

பாப்பா தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். கேள்வி அக்கா அவள் கன்னத்தைத் தட்டினார். கை ஐஸாக இருந்தது. அந்தக் கை நன்றி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"வேன் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"பாப்பா" என்றார் மாமா.

"நான்தான் தாள்ல தப்பா எழுதினேன். நீங்க கிளம்பவே இல்லன்னு எழுதிட்டேன். அதனால யாரும் உங்களத் தேடல. அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிட்டேன்."

வேன் கிளம்பிவிட்டது. மாமா சாலையை மட்டும் பார்த்தார். கேள்வி அக்கா மழைக்கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு கேட்க ஆரம்பித்தார், கடையில் கேட்பதுபோலவே, ஒன்றன்பின் ஒன்றாக.

"இப்ப என் பேருக்கு நேரா என்ன இருக்கு?"

"டி.என்.எஃப். அப்புறமா மாத்திட்டேன்."

"எப்ப மாத்துனே?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "ஒன்றரைக்கு."

"மாமாகிட்ட எப்ப சொன்னே?"

"ரெண்டு மணிக்கு."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் அரை மணி நேரம். அவ்ளோ நேரம் என்ன பண்ணிட்டிருந்தே?"

"நாற்காலி மடிச்சேன்."

கேள்வி அக்கா தலையை மெல்ல ஆட்டினார். கோபப்பட்டுக் கத்துவதற்கு அவர் உடம்பில் சூடு இல்லை. "நான் ஒவ்வொண்ணா கேட்டப்பல்லாம் நீ சிரிச்சியே. எல்லாம் தெரிஞ்ச பொண்ணு, சிரிக்குது, சிரிக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹெல்மெட்டின் கொக்கியை அவிழ்க்க முயன்றார். விரல் மடங்கவில்லை. இரண்டு தரம் வழுக்கியது. பாப்பா நகர்ந்து வந்து அவர் தாடைக்குக் கீழே கொக்கியை அவிழ்த்துவிட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றபோது, மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். முதலாளி குடையோடு படியிறங்கினார். மாமா எஞ்சினை அணைத்துவிட்டு, "நீ உள்ளயே இரு. நான் பேசிக்கறேன்" என்றார்.

பாப்பா கதவைத் தள்ளி அவருக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

"எங்க போனீங்க எல்லாரும்? உள்ள யாரு?" என்றார் முதலாளி. ஸ்பேனர் அண்ணன் பின்னாலிருந்து, "என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்று சிரித்தார்.

அவள் சொன்னாள். மழைச் சத்தத்தில் அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"என்னம்மா? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே? சத்தமாச் சொல்லு."

பாப்பா மூச்சை இழுத்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னாள்.